இருபத்திரண்டு அங்குலம்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

போனை முதலில் வைத்தது நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று வாரமாக நீ திரும்பக் கூப்பிடவில்லையே, அதில்தான் வருத்தம். "நீ கூப்பிட்டிருக்கலாமே" என்பாய். கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் உன் குரல் ஏறும், மூன்றாவது நிமிடத்தில் என் குரல் ஏறும், அப்புறம் உன் அத்தான் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்னதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. "பத்து வயசுப் பொண்ண இன்னும் பாப்பா வண்டியில வச்சுத் தள்ளிட்டுத் திரியறியே, கொஞ்சம் நடக்க விடேன்க்கா." இதைச் சொல்லிவிட்டு ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரிக்க வேறு செய்தாய்.

உன் வாய் முகூர்த்தமோ என்னவோ, அந்தப் பாப்பா வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை, போஸ்டாபீஸ் எதிரே சாலையைக் கடக்கும்போது, முன்சக்கரம் கழன்று தனியாக உருண்டு போய் ஒரு கார் அடியில் படுத்துக்கொண்டது. நான் பதறிப் போய் நிற்கிறேன். உன் மருமகள் கைதட்டிச் சிரிக்கிறாள். நீ வைத்த பட்டப்பேர்தான் அவளுக்கு இன்னும் ஓடுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதால் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு நடுரோட்டில் நின்று உதவின நாலு பேருடைய செருப்பையும் பரிசோதித்துவிட்டுத்தான் வந்தாள்.

நடக்க விடு என்றாயே, அவள் நடப்பாள். நாற்பது அடி. நான் எண்ணியிருக்கிறேன். நாற்பதாவது அடியில் கால் சோர்ந்து, எங்கே நிற்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அது கடை வாசலா, பஸ் வரும் பாதையா, சேறா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். அப்புறம் தூக்க வேண்டும். இப்போது இருபத்தேழு கிலோ இருக்கிறாள்.

இன்னொரு விஷயம். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி அவள் வகுப்பை ஏரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் பாதை. "அவளுக்குன்னு பாதுகாப்பா ஒரு வண்டி இருந்தா கூட்டிட்டு வாங்க, இல்லன்னா அன்னிக்கு வீட்ல வச்சுக்குங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, நல்லவர்தான். ஆனால் அந்த நோட்டீஸில் நாரைப் படம் போட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுக்கிறாள். ஒவ்வொரு நாள் காலையிலும் எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். நான் என்ன சொல்ல?

உன்னிடம் உதவி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

தகவல் கிடைத்தது.

உன் கடிதத்தை டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். முப்பத்தெட்டாம் நம்பர் பஸ்ஸின் கடைசி நீள சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் அந்த உறையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அது உன் கணக்கில்தான் வரும்.

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கடைக்குப் போனேன். வளர்ந்த பிள்ளைகளுக்கான தள்ளுவண்டிகளையே தனியாக விற்கிறார்கள். சாதாரணப் பாப்பா வண்டியைக் கொஞ்சம் இழுத்து நீட்டின மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை அக்கா, அது தனி உலகம். எவ்வளவு எடை தாங்கும், இருக்கை எவ்வளவு ஆழம், கால் பலகை ஏறி இறங்குமா, கைப்பிடி தள்ளுகிறவர் உயரத்துக்கு வருமா, மடித்தால் பஸ்ஸில் ஏறுமா என்று விற்கிற பெண் சொல்லிக்கொண்டே போகிறாள். நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

சீட் தைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த சீட்டைப் பார்த்தாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து உட்கார்ந்தேன். நல்ல ஸ்பாஞ்சு, நல்ல தையல். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வண்டி என்னோடு சேர்ந்து எழுந்தது. நம் குடும்பத்து இடுப்பு உனக்குத் தெரியாததா? கடைக்காரப் பெண்ணும் இன்னொரு அம்மாவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மாவின் பையன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

இழுத்துப் போகிற வண்டியும் இருக்கிறது. நாலு சக்கரம், நாலு பக்கமும் அடைப்பு, முன்னால் இழுக்க ஒரு கைப்பிடி. பிள்ளைகள் அதில் பெட்டிக்குள் உட்கார்கிற மாதிரி காலை நீட்டி உட்காரலாம். பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

அதனால் கேட்கிறேன், பதில் எழுது. அவள் எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்காருவாள்? எந்தப் பக்கம் சாய்வாள்? திடீரென்று எழுந்து ஓடுவாளா? சத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமா? முக்கியமாக, அவளுக்கு என்ன பிடித்திருக்கிறது? கடையில் போய் அவளையே பார்க்க விடு. நம் அம்மா நம்மைக் கேட்காமல் ஷூ வாங்கி வருவாளே, முன்பக்கம் பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டு திரிந்தோமே, அந்தக் கதை அவளுக்கு வேண்டாம்.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

மன்னிப்பு என்ற வார்த்தையைத் தவிர மற்ற எல்லாம் உன் கடிதத்தில் இருந்தது. பரவாயில்லை, வண்டியில் மாட்டின கதைக்காக ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிறேன். உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டு வாயாடி என்னவென்று கேட்க இறங்கி வந்துவிட்டாள்.

வாயாடியைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டர் வகுப்புதான், ஒன்பது வயது, ஒல்லிக்குச்சி. தினமும் சாயங்காலம் வந்து எங்கள் வாசலில் நின்று பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் கொட்டுவாள். உன் மருமகளுக்குத் தெரிந்த வார்த்தை நாலு: அம்மா, தா, இன்னும், போ. அதில் வாயாடிக்குக் கிடைப்பது கடைசி வார்த்தைதான். "போ" என்பாள். "சரி போறேன், நாளைக்கு வரேன்" என்று அதுவும் போகும். மறுநாள் வரும். ரோஷமே கிடையாது.

கடைக்குப் போனோம். முதல் வண்டி சாம்பல் நிறம், ஆஸ்பத்திரி வாசனை. விற்கிறவர் குனிந்து, "பாப்பாவுக்குப் புடிச்சிருக்கா?" என்று என்னைக் கேட்டார். பாப்பா அவருடைய ஷூவைப் பார்த்துவிட்டு "போ" என்றாள். இரண்டாவது வண்டியில் உட்கார வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முன்னால் பார்த்து உட்கார்ந்தாள், நான் பின்னால். கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். "போ." மூன்றாவது வண்டியை அவள் தொடக்கூட இல்லை.

நான் நொந்துபோய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தால் ஆளைக் காணோம். பக்கத்துக் கடை வாசலில் பூந்தொட்டிகளை அடுக்கி வைக்க ஒரு பழைய இழுவண்டி நின்றது. இரண்டு தொட்டியைத் தள்ளிவிட்டு நடுவில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்! அந்தக் கடைக்காரர் பாவம், "உக்காரட்டும்மா, தொட்டிதானே" என்று மீதி மூன்றையும் எடுத்துக் கீழே வைத்தார். கைப்பிடியைப் பிடித்து, பின்னால் நடந்தபடி இழுத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "இன்னும்" என்றாள். அந்தத் தெருவில் ஆறு தடவை போய் வந்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பத்து வருஷமாக அவள் உச்சந்தலையைப் பார்த்தே தள்ளியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவளுக்குக் கால் பயிற்சி கொடுக்கிற பிசியோ மேடத்திடம் கேட்டேன். "முதுகு அரை மணி நேரம் நிக்கும், அப்புறம் சாஞ்சுடுவா. நல்ல சாய்மானம், தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்து அஞ்சு பட்டை பெல்ட், கால் தொங்காம ஒரு பலகை, கெட்டியா ஒரு பிரேக். இது நாலும் இருந்து நான் பாத்துட்டேன்னா பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்து போட்டுத் தரேன். அது தள்ற வண்டியா இழுக்கற வண்டியான்னு எனக்கு என்ன?" என்றார். ஆனால் கடையில் கிடைக்கிற இழுவண்டி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானது. இவள் எடைக்கு வருவதில் சாய்மானம் இல்லை.

இப்போது கேட்கிறேன். இது தகவல் இல்லை, கேள்வி. உங்கள் டிப்போவில் செய்ய முடியுமா?

அளவுகள் கீழே எழுதியிருக்கிறேன். பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டும் அனுப்பியிருக்கிறேன். விரல் அருகே ஒரு வட்டம் இருக்கிறதே, அது அவளே போட்டது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

முடியுமாவா? என்ன கேள்வி கேட்கிறாய்! அறுபது பேர் ஏறி மிதிக்கிற பஸ்ஸுக்கு சீட் போடுகிறோம். ஒரு இன்ஸ்பெக்டருக்குப் போட முடியாதா?

பாதத் தாளைத் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வெல்டர் அண்ணன், உனக்குத் தெரியும், பேசவே மாட்டாரே, அவர் அந்த வட்டத்தைப் பார்த்து "இது சக்கரம்" என்றார். அடுத்த நாள் சட்டத்துக்கு வேண்டிய குழாயை அவரே அறுத்து வைத்திருந்தார். ஃபோர்மேன் மறுப்பு சொல்லவில்லை. மிச்சம் மீதித் துணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலை நேரம் முடிந்தபின் ஒரு மணி நேரம், தினமும். சாய்மானத்தை மூன்று தடவை பிரித்து மாற்றினேன். பிரேக், பின்சக்கரம் இரண்டுக்கும். பெல்ட் புதுசு, அதில் மிச்சம் மீதி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சட்டம் முடிந்ததும் வெல்டர் அண்ணனும் நானும் ஆளுக்கொரு முனையில் ஏறி நின்று குதித்தோம். அசையவில்லை.

நிறம் மட்டும் நானே முடிவு செய்தேன். மஞ்சள். பஸ் சீட்டில் யாரும் மஞ்சள் போட விடமாட்டார்கள், அழுக்குத் தெரியும் என்று. இத்தனை வருஷ ஆசை.

இனி மன்னிப்பு. உன் முதல் கடிதத்தில் இருபத்தேழு கிலோ என்று எழுதியிருந்தாய். அந்த எண் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமை ஒரு சாக்கில் சீட் ஆணியை இருபத்தேழு கிலோ நிறுத்துப் போட்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு டிப்போ வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நான்கு இடத்தில் நின்றேன். சாக்கு உதைக்கவில்லை, நெளியவில்லை, எதிரே வருகிறவர்களின் செருப்பைப் பார்க்கக் குனியவில்லை. அப்படியும் நான்கு இடம். மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நீ மளிகைப் பையையும் தூக்கிக்கொண்டு போயிருப்பாய்.

"நடக்க விடேன்" என்று சொன்னது தப்பு அக்கா. நான் அவளை வீட்டுக்குள்தான் பார்த்திருக்கிறேன். நாற்பது அடிக்கு அப்பால் அவளோடு நான் போனதே இல்லை. தெரியாமல் பேசிவிட்டேன். சிரித்தது அதைவிடத் தப்பு.

அளவைப் பற்றிக் கவலைப்படாதே. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிற என் அக்கா கொடுத்த அளவு, மயிரிழை பிசகாது என்று ஃபோர்மேனிடம் பெருமையடித்திருக்கிறேன். பார்சல் லாரியில் அடுத்த வாரம் ஏற்றுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 10

அருமைத் தம்பிக்கு,

வண்டி வந்தது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். தெருவே திரும்பிப் பார்த்தது. லாரிக்காரர் இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை தட்டிப் பார்த்து, "கட்டில் மாதிரி செஞ்சிருக்காங்கம்மா" என்று பாராட்டினார்.

கட்டில்தான். எங்கள் வாசல் இருபத்தேழு அங்குலம். வண்டி இருபத்தொன்பது.

நேராகத் தள்ளினோம், போகவில்லை. பக்கவாட்டில் சாய்த்தோம், சக்கரம் நிலைப்படியில் மாட்டியது. உன் அத்தான் கதவையே கழற்றி வைத்துவிட்டார். முக்கால் அங்குலம் கிடைத்தது. அந்த முக்கால் அங்குலத்தைக் கொண்டாடிவிட்டுத் திரும்பவும் கதவை மாட்டினார், இப்போது அது சரியாகச் சாத்துவதும் இல்லை. வண்டி வெளியே மாடிப்படிக்குக் கீழே பொது நடையில் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் அதைவிட்டு இறங்க மறுத்து, ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டாள்.

அது போகட்டும். பிசியோ மேடம் வந்து பார்த்தார். சாய்மானம் சபாஷ், பெல்ட் சபாஷ், பிரேக்கை நாலு தடவை உதைத்துப் பார்த்து அதற்கும் சபாஷ். அப்புறம் டேப்பை எடுத்தார். "இவ இடுப்பு அகலம் பன்னெண்டு அங்குலம். சீட் இருபத்திரண்டு. இவ்ளோ இடம் இருந்தா சாஞ்சு சாஞ்சு ஒரு மூலையில போய் விழுந்துடுவா. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார்.

நான் உன்னைத் திட்டலாம் என்று உன் கடிதத்தை எடுத்தேன். அப்புறம் அளவு எழுதின என் நோட்டை எடுத்தேன். சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, "வளர்ற பொண்ணாச்சே" என்று அடித்துப் பதினேழு ஆக்கியிருக்கிறேன். நீளத்திலும் அப்படியே. கண்ணாடிக் கடையில் பவர் கால் புள்ளி பிசகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு லென்ஸ் அரைக்கிறவள் நான்!

பதினேழு என் குற்றம். மிச்சம் ஐந்து எங்கேயிருந்து வந்தது? உண்மையைச் சொல்.

இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. காலையில் நாரைப் படத்தை நீட்டும்போது இப்போது வண்டியையும் கைகாட்டுகிறாள். முன்பாவது வண்டி இல்லை என்று சொல்லிவிடலாம். இப்போது கண்ணெதிரே நிற்கிறது, எப்படிச் சொல்ல?

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

உண்மையைச் சொல்கிறேன். பதினேழு என்று பார்த்தேன். "வளர்ற பொண்ணாச்சே" என்று ஐந்து கூட்டினேன். நீயும் கூட்டியிருப்பாய் என்று தோன்றவே இல்லை. மூன்றாம் வகுப்பில் அம்மா எடுத்துக் கொடுத்த சட்டை எனக்கு எட்டாம் வகுப்பில்தான் சரியாக இருந்தது. அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் புத்திசாலி ஆகியிருக்கிறோம். நல்லவேளை நமக்கு இன்னொரு தம்பி இல்லை, அவனும் ஐந்து கூட்டியிருப்பான்.

ஃபோர்மேனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. வெல்டர் அண்ணன் மட்டும் சிரிக்காமல், "வெட்டிச் சுருக்கிடலாம்" என்றார். இங்கே அனுப்பித் திரும்ப வர நாள் பத்தாது. அதனால் நான் வருகிறேன். இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை காலை, அறுக்கிற பிளேடு, தைக்கிற சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு. உங்கள் தெரு முனையில் வெல்டிங் கடை இருக்கிறது என்று சொன்னாயே, சட்டத்தை அறுத்து அங்கேயே ஒட்ட வைத்துவிடலாம். ஒரே நாளில் பத்து அங்குலத்தையும் எடுத்துவிடுகிறேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அறுக்கும்போது கோணல் ஆகிவிட்டால் அதைச் சரிசெய்ய நாள் இல்லை. அவளுக்கு ஏரியும் இல்லை, வண்டியும் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று. ரெண்டு வருஷமாக ஏன் வரவில்லை என்று நீ கேட்கவே இல்லை. வேலை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்தபோது அவளுக்குப் பொம்மை பஸ் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் நீட்டினேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து "போ" என்றாள். நீங்கள் எல்லாம் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனசிலிருந்து அது போகவில்லை. சொந்தத் தாய்மாமனுக்கே அவளிடம் இடம் இல்லை என்று நினைத்துவிட்டேன். வளர்ந்த ஆம்பிளை ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் கோபித்துக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 18

டேய்,

வெட்டாதே! பிளேடை எடுத்து உள்ளே வை. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் மாடிப்படிக்குக் கீழே தன் வண்டியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் நான் தலையணை அடைத்திருந்தேன். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வாயாடி வந்தாள். படியில் உட்கார்ந்து, பல் விழுந்த கதையை ஆரம்பித்தாள். விழுந்த பல், ஆடுகிற பல், இனி ஆடப்போகிற பல் எல்லாம் வந்தது. நான் "போ"வுக்காகக் காத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வலது பக்கத்துத் தலையணையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். காலியான இடத்தைக் கையால் இரண்டு தடவை தட்டினாள்.

"வா" என்றாள்.

அந்த வார்த்தை அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என்னைக்கூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை, நான் எப்போதும் பக்கத்திலேயே இருந்தேன், கூப்பிட வேண்டிய தேவை என்ன? கையிலிருந்த கண்ணாடி விழுந்து உடைந்தது. வாயாடி பல் கதையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அப்புறம் மெதுவாக, "ஆன்ட்டி, என்னையா கூப்பிட்டா?" என்று கேட்டது.

"உன்னத்தான்டி. செருப்பக் கழட்டிட்டு ஏறு."

ஏறினாள். சரியாக இடம் இருந்தது. அளந்து தைத்த மாதிரி! செருப்பை இன்ஸ்பெக்டர் வாங்கிப் பரிசோதித்து மடியில் வைத்துக்கொண்டாள். பொது நடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்தேன். இரண்டும் சேர்ந்து போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். யோசித்துப் பார், தம்பி. அந்தச் சாம்பல் நிற வண்டியை வாங்கியிருந்தால், அது அவள் அளவுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும். அவள் யாரை உட்காரச் சொல்லியிருப்பாள்?

மறுநாளே பிசியோ மேடத்தைப் பிடித்துக் காட்டினேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அவ சாயறது எப்பவும் இடது பக்கம்தான். அந்தப் பக்கம் ஒரு திண்டு நிலையா இருக்கட்டும். வலது பக்கத்துக்கு ஒரு திண்டு, கழட்டி மாட்டற மாதிரி. அவ தனியா இருந்தா மாட்டுங்க, கூட ஆள் இருந்தா கழட்டுங்க. அந்த ஆளுக்கும் பெல்ட் வேணும்" என்றார். அறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். திண்டும் பெல்ட்டும் உன் தொழில்தானே? ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலைப் பற்றிக் கவலை இல்லை. வண்டி மாடிப்படிக்குக் கீழேயே நிற்கட்டும் என்று மேலே உள்ளவர்கள் தங்கள் சைக்கிள்களை நகர்த்திவிட்டார்கள்.

"போ" விஷயம். மடையா, அவள் டாக்டரை, தபால்காரரை, பெற்ற அப்பனை எல்லாம் "போ" என்கிறாள். வாயாடிக்குத் தினமும் கிடைத்தது. அது மறுநாளும் வந்து நின்றது, நீ வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பொம்மை பஸ்ஸின் சக்கரம் நாலும் தேய்ந்து போயிருக்கிறது, வந்து பார்.

மஞ்சள் துணியும் பெல்ட்டும் எடுத்துக்கொண்டு வா. அளவை நீயே வந்து எடு. ஒரு அங்குலம்கூடக் கூட்டாதே.

அக்கா


ஏப்ரல் 28

தம்பிக்கு,

நீ ஞாயிறு சாயங்காலம் கிளம்பின பிறகு நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்ஸ்பெக்டர் செருப்பு வைக்கிற இடத்தில் போய் நின்றாள். உன் செருப்பு இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும்" என்றாள். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அழுதால் அழுதுகொள், கடிதம்தானே, யாரும் பார்க்கமாட்டார்கள்.

நேற்று ஏரி. கையெழுத்துப் போட்ட தாளை டீச்சரிடம் கொடுத்தேன். வாயாடி வலது பக்கம், பெல்ட் போட்டு, ராணுவத் தளபதி மாதிரி உட்கார்ந்தாள். நான் இழுத்தேன். முதல் அரை கிலோமீட்டர் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தள்ளியே நடந்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. மூன்று வருஷமாக ஒரே வகுப்பில் இருந்தும், இவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கியே பழகிவிட்டார்கள். மஞ்சள் வண்டியை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ஒரு திருப்பத்தில் நின்றோம். இன்ஸ்பெக்டர் வாயாடியைப் பார்த்து "போ" என்றாள். வாயாடிக்குத்தான் ரோஷம் கிடையாதே, இறங்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு பையன் வாயைப் பிளந்து நின்றான். இருக்கையைத் தட்டி, "வா" என்றாள். அவன் ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் "போ." அடுத்தது ஒரு சடைக்காரப் பெண். "வா." நானும் தடுக்கவில்லை, டீச்சரும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டிக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு! பரிசோதனை முடியாமல் யாருக்கும் இடம் இல்லை. ஏற்றினாள், இறக்கினாள், முண்டியடித்தவனை வரிசைக் கடைசிக்குப் போகக் கை காட்டினாள். உங்கள் டிப்போவில் சொல்லிவிடு, நம் குடும்பத்தில் ஒரு கண்டக்டர் உருவாகிவிட்டாள்.

நாரையும் வந்தது. இரண்டு. ஒருத்தரும் பார்க்கவில்லை, டீச்சர் மட்டும் பார்த்தார்.

திரும்பி பஸ்ஸுக்கு வரும்போது எல்லோரும் களைத்துவிட்டார்கள். வரிசை தீர்ந்துவிட்டது. பக்கத்து இருக்கை காலி. திண்டை மாட்டலாம் என்று குனிந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். இருக்கையைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்து "வா" என்றாள்.

நான் மாட்டேன் என்றேன். "உக்காருங்க, நான் இழுக்கறேன்" என்று டீச்சர் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். நீயும் வெல்டர் அண்ணனும் குதித்துப் பார்த்த வண்டிதானே என்று, செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பத்து வருஷமாகத் தள்ளினவள், தூக்கினவள், இழுத்தவள். முதல்தடவையாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கிறதை நானும் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர், மரம், முன்னால் போகிறவர்களின் கால்கள். எத்தனை கால்கள், எத்தனை விதமான செருப்புகள்! அவள் ஏன் எல்லோருடைய செருப்பையும் பார்க்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் அதுதான் இருக்கிறது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது, இந்தத் தடவை வலது பக்கம். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது.

கொஞ்சம் இடுப்பாலும் முட்டியது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து எழுந்திருக்கப் பார்த்தால் வண்டியும் சேர்ந்து எழுந்திருக்கிறது. டீச்சர் ஒரு கை, டிரைவர் ஒரு கை, வாயாடி பின்னாலிருந்து தள்ள, வகுப்பே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியது. இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரைப் பறவை எல்லாம் எழுந்து பறந்தது. நீ இன்னும் இரண்டு அங்குலம் கூட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எத்தனை நிமிடம் தாங்குகிறோம் என்று பார்ப்போம்.

அக்கா